வயிற்றின் தாளம்

(திருச்சிராப்பள்ளி பாலக்கரையில் பொதுமக்களுக்காக உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருடைய இரைப்பையிலும் இந்த நேரத்தில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரைப்பையின் மேல்பக்கத்தில், இடப்புறம் வளைந்து இறங்கும் ஓரத்தில், மெல்லிய மின் அலை ஒன்று கிளம்புகிறது. வளையம்போல் இரைப்பையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்குகிறது. இருபது விநாடி கழித்து அடுத்த அலை, மறுபடி இருபது விநாடியில் இன்னொன்று என்று நிமிடத்துக்கு மூன்று. சாப்பிட்டிருந்தாலும் பட்டினியாக இருந்தாலும், விழித்திருந்தாலும் தூங்கினாலும் அது நிற்பதில்லை.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் உண்டென்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அந்தக் கருவியைப் பொருத்தியிருப்பார்கள். குடலுக்கும் பேஸ்மேக்கர் உண்டு என்றால் படித்தவர்களே யோசிக்கிறார்கள். உண்டு. யாரும் வாங்கிப் பொருத்தியதல்ல, பிறக்கும்போதே கூட வந்தது. காஹால் செல்கள் என்று அதற்குப் பெயர்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வயிற்றுக்கு அதற்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அதை விரட்டவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அறிந்து, அதற்கு இடம் கொடுத்து நடந்தால் போதும். வீட்டில் பாட்டி கொடுக்கும் விளக்கெண்ணெய் முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை இந்த ஒரு செய்தியோடு தொடர்புடையவை பல இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இந்தத் தாளம் மூளையிலிருந்து வருகிறதா, குடலிலேயே இருக்கிறதா? எங்கள் காலத்தில் மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இதற்கான விடையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். முயலின் சிறுகுடலில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து, உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரில் தொங்கவிடுவார்கள். நீரின் சூடு 37 டிகிரி. அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் குமிழாக வரும். துண்டின் மேல்முனையை ஒரு நூலால் நெம்புகோலோடு கட்டியிருப்பார்கள். நெம்புகோலின் கூர்நுனி, புகைக்கரி பூசிய காகிதம் சுற்றிய ஓர் உருளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளை மெல்லச் சுழலும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அந்தத் துண்டு சுருங்கும், நீளும், மறுபடி சுருங்கும். கரிக்காகிதத்தில் வெள்ளைக் கோடு மலைத்தொடர்போல் ஏறி இறங்கும். மூளை இல்லை, தண்டுவடம் இல்லை, முயலே இல்லை; ஆனாலும் குடல் ஆடுகிறது. நீரில் ஒரு சொட்டு அசிட்டைல்கோலின் விட்டால் கோடு மேலே தாவும். அட்ரினலின் விட்டால் படுத்துவிடும். கழுவி விட்டால் பழைய ஆட்டம் திரும்பும். பிற்காலத்தில் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடாக்சினை விட்டு, குடல் சுவரிலுள்ள நரம்புகளையும் வாயடைக்கச் செய்தார்கள். அப்போதும் மின்னலை நிற்கவில்லை. ஆகவே தாளம் மூளையிலிருந்தும் வரவில்லை, குடலின் நரம்பிலிருந்தும் வரவில்லை. வேறு யாரோ அடிக்கிறார்கள்.

அந்த 'வேறு யாரோ' ஏற்கனவே ஒருவர் கண்ணில் பட்டிருந்தார்கள். ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ காஹால் 1852-இல் பிறந்தவர். வெள்ளி உப்பால் திசுக்களுக்குச் சாயமேற்றி, நரம்பு மண்டலம் என்பது ஒரே வலை அல்ல, தனித்தனிச் செல்களால் ஆனது என்று காட்டியவர். அதைக் காட்டிய முதல் கட்டுரை வெளியானது 1888-இல். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி நம் திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார். காஹாலுக்கு 1906-இல் மருத்துவ நோபல், ராமனுக்கு 1930-இல் இயற்பியல் நோபல். இருவரும் ஆராய்ச்சி வசதிகள் குறைந்த நாட்டிலிருந்து, எளிய கருவிகளை வைத்துக்கொண்டு உலகத்தைத் தங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவைத்தவர்கள்.

காஹால் 1890-களில் குடலுக்கும் மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தார். தசை அடுக்குகளுக்கு நடுவில், நரம்பு இழைகள் முடியும் இடங்களில், நீண்ட கைகளோடு சில செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. இவை ஒருவகை ஆதிகால நரம்புச் செல்கள் என்று அவர் எழுதினார். நரம்பு என்று சொன்னது சரியாக அமையவில்லை. இடமும் உருவமும் அப்படியே சரி. பின்னால் வந்தவர்கள் இவை வெறும் இணைப்புத்திசுச் செல்கள் என்று தள்ளிவிட்டார்கள். ஏறத்தாழ 90 ஆண்டு இவற்றை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இடையில் இருவர் உண்மையின் அருகே வந்தார்கள். ஒருவர் ஆர்தர் கீத். 1907-இல் மார்ட்டின் ஃபிளாக்கோடு சேர்ந்து இதயத்தின் பேஸ்மேக்கர் முடிச்சைக் கண்டவர் இவர்தான். குடலிலும் அதுபோல ஒரு திசு இருக்க வேண்டும் என்று 1915-இல் எழுதினார். இன்னொருவர் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த வால்டர் ஆல்வரெஸ். வயிற்றுத் தோல் மிக மெலிந்திருந்த ஒரு வயதான அம்மாளின் வயிற்றின்மேல் 1921-இல் மின்முனைகளை வைத்துப் பதிவு எடுத்தார். நிமிடத்துக்கு மூன்று அலை. இதயத்துக்கு ஈ.சி.ஜி. போல இரைப்பைக்கு எடுத்த முதல் மின்பதிவு அது.

பிறகு 1982-இல் டென்மார்க்கின் லார்ஸ் துனெபெர்க், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, காஹால் கண்ட செல்களே குடலின் பேஸ்மேக்கர் என்று துணிந்து எழுதினார். மெய்ப்பித்தது எலிகள். 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பிறந்த எலிக்குட்டிகளில் 'கிட்' என்ற புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஊசியாகப் போட்டார்கள். அது இரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சி. ஆனால் எலிக்குட்டிகளின் வயிறு உப்பியது, குடல் செயலிழந்தது. காஹால் செல்கள் வளர்வதற்குக் கிட் புரதம் தேவை என்பது அப்போது வெளிப்பட்டது. தொடர்ந்து 1994, 1995-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும், பிறவியிலேயே கிட் மரபணு பழுதான எலிகளைச் சோதித்தார்கள். சிறுகுடலில் நரம்புப் பின்னலைச் சுற்றியிருக்க வேண்டிய காஹால் செல்கள் இல்லை. மின்னலையும் இல்லை. தசை இருந்தது, நரம்பு இருந்தது, தாளம் மட்டும் இல்லை. நூறாண்டுச் சந்தேகம் அத்தோடு தீர்ந்தது.

இந்தச் செல் எப்படித் தாளம் அடிக்கிறது? செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்துவைக்கும் அறைகள் உண்டு. அங்கிருந்து அவ்வப்போது கால்சியம் பொட்டுப்பொட்டாகச் சிந்தும். அந்தக் கால்சியம் செல்லின் சுவரிலுள்ள ஆனோ-1 என்ற வாயிலைத் திறக்கும். குளோரைடு வெளியே போகும். செல்லின் மின்னழுத்தம் மாறும். அந்த மாற்றம் கைகோத்து நிற்கும் அடுத்த செல்லுக்கும், பக்கத்துத் தசைச் செல்லுக்கும் பரவும். பிறகு கால்சியம் மீண்டும் அறைக்குள் இழுக்கப்படும், எல்லாம் அடங்கும், மறுபடி தொடங்கும். ஆனோ-1-இன் இந்தப் பங்கு 2009-இல்தான் தெளிவானது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மின்னலை வந்தாலே குடல் சுருங்கிவிடாது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பவர்கள் எத்தனையோ பேர். அவரவர் நினைத்த நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. 'ரங்கா ரங்கா' என்று குரல் எழுகிறது. எழும் நேரத்தில் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கிறது. குரல் தேரை இழுப்பதில்லை. எப்போது இழுப்பது என்பதை அது முடிவு செய்கிறது. எவ்வளவு வலுவாக இழுப்பது என்பது கைகளின் வேலை. எப்போது தளர்த்த வேண்டும் என்று கையசைக்கும் ஆட்களும் வேண்டும். காஹால் செல்கள் அந்தக் குரல். தசைகள் கைகள். நரம்புகளும் ஹார்மோன்களும் 'இழு', 'விடு' என்று கையசைப்பவர்கள். மூன்றில் ஒன்று கெட்டாலும் தேர் நிற்கும்.

அதனால்தான் இரைப்பையில் இருபது விநாடிக்கு ஒரு மின்னலை ஓடினாலும், ஒவ்வொன்றுக்கும் அது முறுக்குவதில்லை. உணவு வந்து சுவர் விரிந்ததும் நரம்புகள் 'ஆகட்டும்' என்கின்றன. அப்போதுதான் அலையோடு சேர்ந்து தசை சுருங்குகிறது.

இடத்துக்கு இடம் வேகம் மாறும். இரைப்பைக்கு நிமிடத்துக்கு மூன்று. அதை அடுத்த முன்சிறுகுடலில் பன்னிரண்டு. சிறுகுடலின் கடைக்கோடியில் எட்டு. சிறுகுடலுக்குள் வேகமான இடம் மேலே, மெதுவான இடம் கீழே. வேகமாக அடிப்பவரை அக்கம்பக்கத்தார் பின்பற்றுவதால் உணவு மேலிருந்து கீழ்நோக்கியே நகர்கிறது. இதயத்தில் ஒரு முடிச்சு எல்லாவற்றையும் நடத்துகிறது. குடலில் பல மீட்டர் நீளத்துக்கு இந்தச் செல்களின் வலை பரவி, அந்தந்த இடத்தில் அந்தந்த வேகத்தில் நடத்துகிறது.

மதியம் சாப்பிட்ட சாம்பார் சாதம் இரைப்பையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மேல்பாதி தளர்ந்து இடம் கொடுக்கிறது. அலை மெல்ல ஊர்ந்து அடிவாசலுக்கு வர ஒரு நிமிடம் வரை ஆகும். அதனால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். அடிவாசல் சிறிதளவே திறக்கும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்ட துகளைத்தான் வெளியே விடும். பெரிய துண்டு வந்து மோதினால் பின்னால் தள்ளப்பட்டு மறுபடி அரைபடும். அவசரமாக மெல்லாமல் விழுங்கிய வாழைக்காய்த் துண்டு எத்தனை முறை திரும்பி வருமோ! நன்றாக மென்று சாப்பிடுங்கள் என்று பெரியவர்கள் சொன்னதன் பொருள் இந்த அடிவாசலில் இருக்கிறது.

இனிப் பட்டினி வயிற்றுக்கு வருவோம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் விரதம் இருப்பவர்கள் உண்டு. ரமலானில் நோன்பு வைப்பவர்களும், தவக்காலத்தில் ஒருவேளை உணவோடு இருப்பவர்களும் இந்தப் பாலக்கரையிலேயே பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். வெறும் வயிறு என்றால் சும்மா கிடக்கும் வயிறு என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. 1969-இல் ஜோசப் ஷுர்ஷெவ்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர், பட்டினி இருந்த நாய்களின் குடலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை வருவதைப் பதிவு செய்தார். நமக்கும் அப்படியே. நீண்ட அமைதி, பிறகு ஒழுங்கற்ற சிறு அசைவுகள், பிறகு ஐந்து பத்து நிமிடம் வரிசையாக வலுவான சுருக்கங்கள். இந்த வரிசை மேலிருந்து சிறுகுடலின் கடைசி வரை மெல்ல நகரும். அரைபடாத விதை, தோல், சளி, உதிர்ந்த செல், தங்கிப்போன பாக்டீரியா எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டு போகும். மோட்டிலின் என்ற ஹார்மோன் இதைக் கிளப்பிவிடுகிறது. விரத நாளில் வயிறு 'கடகட' என்று இரைகிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் துப்புரவு அலைதான்.

ஒரு வாய் சாப்பிட்டாலும் இந்த அலை நின்றுவிடும். குடல் உணவைக் கவனிக்கப் போய்விடும். காலையிலிருந்து இரவு வரை மணிக்கொரு தரம் முறுக்கு, பஜ்ஜி, டீ, பிஸ்கட் என்று எதையாவது போட்டுக்கொண்டே இருந்தால் துப்புரவுக்கு நேரமே கிடைக்காது. இந்த அலை நோயால் நின்றுபோனவர்களுக்குச் சிறுகுடலில் பாக்டீரியா மண்டி, வயிறு உப்பி, உணவுச் சத்து சேராமல் போவது மருத்துவத்தில் தெரிந்த செய்தி. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் மூன்று நான்கு மணி நேரம் வயிற்றுக்கு விட்டுக்கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மட்டும் இதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

தாளம் தவறும் இடங்களைச் சொல்கிறேன். மூன்று சொன்னால் போதும்.

ஒன்று, அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டாலே அது திகைத்து நின்றுவிடும். கை பட்ட குடலின் சுவரில் அழற்சி வருகிறது. காஹால் செல்களின் வலையும் அதில் பாதிக்கப்படுகிறது. சிறுகுடல் ஒரு நாளுக்குள் திரும்பிவிடும், இரைப்பை ஒன்றிரண்டு நாளில், பெருங்குடல் இரண்டு மூன்று நாளில். அதனால்தான் சிசேரியன் வார்டில் நர்ஸ் காலையில் வந்ததும் "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்கிறார். புதுப் பெண் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள், பக்கத்தில் இருக்கும் அத்தை "இல்லைங்க சிஸ்டர்" என்பார். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேள்விக்கான விடை, பெருங்குடல் வரைக்கும் இயக்கம் திரும்பிவிட்டதா என்பதைச் சொல்கிறது. மருத்துவர் எழுந்து நடக்கச் சொன்னால் நடங்கள். வலி தாங்காமல் படுத்தே கிடந்தால் மீள்வது தாமதமாகும். உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் பிரியாணியை மருத்துவர் சொல்லும் வரை கொடுக்காதீர்கள்.

இரண்டு, சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். கண், சிறுநீரகம், பாதம் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறோம். இரைப்பையைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் சிலருக்கு இரைப்பையின் காஹால் செல்கள் குறைந்துபோகின்றன. நரம்பும் கெடுகிறது. இரைப்பை சரியாகக் காலியாவதில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். இரவு சாப்பிட்டது காலையில் வாந்தியில் வரும். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருப்பார்கள். உணவு குடலுக்கு வந்து சேர்வதற்குள் இன்சுலின் வேலை செய்து சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். பிறகு உணவு மெல்ல இறங்கி, சர்க்கரை எகிறும். "எனக்கு மட்டும் சுகர் இப்படி ஏறி இறங்குது டாக்டர்" என்பவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் இரைப்பையில் இருக்கிறது. இதை வாயுத் தொல்லை என்று நினைத்து மெடிக்கல் கடையில் திரவ மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே இருக்காதீர்கள். மருத்துவரிடம் இந்த அறிகுறிகளைச் சொல்லுங்கள். சிறுசிறு அளவாக, குழைவாக, எண்ணெய் குறைத்துச் சாப்பிடுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இதில் பாதி மருத்துவம்.

மூன்று, பிறந்த குழந்தை. குழந்தை முதன்முதலாகப் போகும் கரும்பச்சை மலத்தைப் பாட்டிமார் காட்டுப்பீ என்பார்கள். அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் போய்விடும். இரண்டு நாளாகியும் போகவில்லை, வயிறு உப்புகிறது, பச்சையாக வாந்தி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. டென்மார்க்கின் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங் 1886-இல் விவரித்த நோயாக அது இருக்கலாம். பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்புச் செல்கள் இல்லாமலே பிறப்பது. ஏறத்தாழ ஐயாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். அந்தத் துண்டு தளரத் தெரியாமல் இறுகியே நிற்கும். அறுவை சிகிச்சையால் குணப்படுத்தலாம். நம் புத்தூர் அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டிய நிலை இது.

இந்த இடத்தில்தான் விளக்கெண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சைக் குழந்தைக்கு வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் ஊற்றும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. விளக்கெண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பது 2012-இல் தெளிவானது. அதிலுள்ள ரிசினோலெயிக் அமிலம் குடல் தசையிலுள்ள ஒருவகைப் புரோஸ்டாகிளாண்டின் ஏற்பியைத் தூண்டித் தசையைச் சுருங்கச் செய்கிறது. தாளத்தைச் சீர்செய்வது அல்ல, தசையை விரட்டுவது. பெரியவர்களுக்கு அவசியமானபோது மருத்துவர் சொல்லிக் கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். சரியாக விழுங்கத் தெரியாத குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் எண்ணெய் போனால் நுரையீரலில் தங்கி அழற்சி வரும், உயிருக்கே ஆபத்து. பாட்டிமாரின் அன்பை நான் குறை சொல்லவில்லை. அந்த அன்பு தாய்ப்பாலோடு நிற்கட்டும் என்கிறேன்.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமைக்குரிய இடம் உண்டு.

இரைப்பையிலும் குடலிலும் ஒருவகைப் புற்றுக்கட்டி வரும். ஜிஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு வரும் அரிய நோய். முன்பு இதைத் தசைப் புற்று என்று நினைத்தார்கள். கீமோதெரபி எதற்கும் அசையாது. 1998-இல் ஜப்பானின் ஹிரோட்டா குழுவினர், இந்தக் கட்டிகளில் கிட் மரபணு பழுதாகி ஓயாமல் 'வளர், வளர்' என்று கட்டளையிடுவதைக் கண்டார்கள். கட்டியின் செல்கள் காஹால் செல்களை ஒத்திருப்பதும் அதே ஆண்டு தெரிந்தது. தாளம் அடிக்கும் செல்லின் வழியில் வந்த புற்று இது. மின்னலையை உண்டாக்கும் ஆனோ-1 புரதத்தைத்தான் நோய்க்குறியியலாளர்கள் இன்று இந்தக் கட்டியை அடையாளம் காணப் பயன்படுத்துகிறார்கள்.

அதே காலத்தில் இரத்தப் புற்று ஒன்றுக்காக இமாட்டினிப் என்ற மாத்திரை உருவாகியிருந்தது. அது கிட் புரதத்தையும் தடுக்கும். 2000-ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில், எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத ஜிஸ்ட் நோயோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கட்டிகள் சுருங்கின. 2002-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு மருந்து அனுமதி பெற்றது. காஹால் சாயமேற்றிப் பார்த்த, பயனற்றது என்று கருதப்பட்ட அந்தச் செல்லே ஒரு நோயின் சிகிச்சைக்கு வழி காட்டியது.

ஆனால் விலை? நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து இந்தியாவில் மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் அளவில் இருந்தது. நம் நாட்டு நிறுவனங்கள் தயாரித்தது எட்டாயிரம், பத்தாயிரம் அளவில். அந்த மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். புற்றுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றும் இந்திய நிறுவனங்களும் எதிர்த்தன. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பயன் கூடியிருப்பதை நிரூபித்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்பது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்ற வாதத்தை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இரத்தப் புற்று நோயாளிகளும் ஜிஸ்ட் நோயாளிகளும் குறைந்த விலையில் அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட முடிந்தது. அறிவியல் கண்டுபிடித்ததை ஏழையின் கைக்குக் கொண்டுசேர்க்கச் சட்டமும் வேண்டும். அதற்கான வழக்கின் பெரும்பகுதி நம் மாநிலத்தில் நடந்தது.

மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி. இரத்தத்தை ஆராய்ந்தவர்கள் குடலின் தாளத்தைக் கண்டார்கள். குடலின் செல்லை ஆராய்ந்தவர்கள் ஒரு புற்றுநோயின் வேரைக் கண்டார்கள். என்ன பயன் என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சியை ஒதுக்காதீர்கள்.

கடைசியாகப் பெருங்குடல். காலையில் எழுந்ததும், காபி குடித்ததும், சாப்பிட்டதும் பெருங்குடலில் வலுவான சுருக்கங்கள் எழும். கழிப்பறைக்குப் போகும் உணர்வு அதனால்தான் வருகிறது. அதை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் உணர்வு மறையும். நாள்தோறும் அடக்கினால் மலம் இறுகும், மலக்குடல் விரிந்து உணர்வே மழுங்கும். பிறகு மாத்திரையில்லாமல் போகாது என்ற நிலை வரும்.

யார் அடக்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் கழிப்பறை அசுத்தம் என்று மாலை வரை பொறுத்துக்கொள்ளும் பெண் குழந்தை. விடியுமுன் காந்தி மார்க்கெட்டுக்குக் காய் விற்க வந்து, மதியம்வரை ஒதுங்க இடமில்லாத தாய். பஸ் ஓட்டுநர், நடத்துநர், இரவு ஷிப்டுத் தொழிலாளர். இவர்களுக்கு மலச்சிக்கல் வந்தால் நார்ச்சத்து சாப்பிடு என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போவது பாதி மருத்துவம்தான். சுத்தமான கழிப்பறை இன்னொரு பாதி. இந்த உண்மையைத் திருச்சி முன்பே உணர்ந்த ஊர். இங்கே குடிசைப் பகுதிகளில் பெண்கள் குழுக்களே பொதுக் கழிப்பறைகளை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். சுகாதாரப் பணிக்காக ஸ்கோப் அமைப்பின் மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-இலும், கிராமாலயாவின் தாமோதரன் அவர்களுக்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில், ஒரே மாவட்டத்துக்கு, ஒரே பணிக்காக.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இவை. மென்று சாப்பிடுங்கள், இரண்டு வேளைக்கு நடுவில் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். உணர்வு வந்தால் அடக்காதீர்கள், பிள்ளைகளையும் அடக்கச் சொல்லாதீர்கள். கடையில் கேட்டு வாங்கும் பேதி மருந்தை வழக்கமாக்காதீர்கள். வயிற்று வலியோடு வாந்தியும் உப்பலும் இருந்தால் பேதி மருந்தைத் தொடவே தொடாதீர்கள். கைக்குழந்தைக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். உங்கள் தெருப் பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் தலைமையாசிரியரிடமும் மாமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். அங்கே படிக்கும் பெண் குழந்தையின் உடல்நலம் அந்தத் தாழ்ப்பாளில் இருக்கிறது.

 வணக்கம்.